மாரப்பன் சமாதிக்கு வாரிசு யாரு?

சாப்பாட்டு வாசனை மேடை வரைக்கும் வருது... தெரியும். என் தொந்தியும் உங்க கட்சிதான். அதுக்குள்ள ஒரு சின்னச் சங்கதி, கேட்டுடுங்க.

நம்ம மாநிலம் முடியுற எல்லைக் காட்டுல ஒரு சமாதி. சுத்தி எட்டு மைலுக்கு வீடே கிடையாது. நான் ஒரு தடவை நடந்து போனேன்... திரும்பி வந்தது ஜீப்புல, மூட்டையோட மூட்டையா.

அங்க படுத்திருக்கிறவர் மாரப்பன். அந்தக் காலத்துல முந்நூறு மாட்டைப் பட்டி போட்டு மேய்ச்சவர். மாடு திருட வந்தவங்களை மறிச்சு, அங்கேயே உசிரை விட்டவர். எத்தனை திருடங்க? ஊசிக்கல் ஊர்ல ஏழுன்னுவாங்க. பூதிக்கல் ஊர்ல பதினொண்ணுன்னுவாங்க. பாவம், செத்தவர் எண்ணிப் பார்க்கலை!

அங்க ஒரு வழக்கம். மாட்டுக்காக உசிரை விட்டவரோட வம்சத்து மாடுதான் பக்கத்துக் குட்டையில முதல்ல தண்ணி குடிக்கணும். மத்த மாட்டுக்கு? கலங்கின சேறுதான். போன கோடையில குட்டை முழங்கால் அளவு. சண்டை வராம இருக்குமா?

ஊசிக்கல் ஜடையப்பன் தடியோட நிக்கிறார். "மாரப்பன் எங்க தாத்தாவுக்கு அப்பன்யா! ஓட்டு உன் மாட்டை!"

பூதிக்கல் மாதையன் கையிலயும் தடி. விடுவாரா? "உங்க தாத்தாவுக்கு அப்பன் எருமை மேய்ச்சவன். இவரு எங்க தாத்தாவுக்கு அப்பன்!"

இவங்க யாரு தெரியுமா? சம்பந்திங்க! ஜடையப்பன் மக பொம்மிக்கும் மாதையன் மகன் சித்தனுக்கும் அடுத்த மாசம் தாலி.

காட்டிலாகா ரேஞ்சர் வந்தார். "கத்தாதீங்க. ரெண்டு பேரும் வம்சாவளி எழுதிக் குடுங்க." எழுதிக் குடுத்தாங்க. மாடு ஓட்டிட்டு வந்த பொம்மிகிட்ட நீட்டினார். "சத்தமா வாசிம்மா."

வாசிச்சா. மடிச்சா.

"அப்பா, இது நெசமா?"

"சத்தியம்!"

"மாமா, உங்களுது?"

"சமாதி மேல அடிச்சுச் சத்தியம்!"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பங்காளி. சித்தன் எனக்கு அண்ணன் முறை." குரல் உடைஞ்சு போச்சு. அந்தப் பையன் மேல அவ்வளவு ஆசை அவளுக்கு. "பந்தல்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடவா... சித்தப்பா?"

சித்தப்பா! மாதையன் கையில இருந்த தடி கீழ விழுந்துச்சு.

"சம்பந்தி... யோசிச்சுப் பார்த்தா, அவரு உங்க தாத்தாவுக்குத்தான் அப்பன்."

"சேச்சே! உங்க தாத்தாவுக்குத்தான். உங்க மூக்கு அப்படியே அவருதுதான்!"

சமாதிக்கு ஏதுங்க மூக்கு? காலையில ரெண்டு ஊருக்குப் பாட்டன்... ஒரே நிமிஷத்துல மனுஷன் அநாதை!

ரேஞ்சர் காகிதத்தைக் கிழிச்சார். "வாரிசு இல்லைன்னா வரிசையும் இல்லை. சேர்த்தே குடிக்கட்டும்." மாடுங்க அவரையா கேட்டுச்சு? இவங்க சத்தியம் பண்றப்பவே பக்கத்துல பக்கத்துல நின்னு குடிச்சு முடிச்சிருச்சு.

எதுக்குச் சொல்றேன்? அதோ, தூணோரம் நம்ம கல்யாணப் பொண்ணோட பெரியப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். ஏனாம்? பத்திரிகையில அவங்க கொள்ளுத்தாத்தா பேரு ரெண்டாவது வரியில வந்துருச்சாம். ஐயா, போனவரு எந்த வரியிலயும் வந்து உக்காரப் போறதில்லை. மாலையும் கழுத்துமா நிக்குதே ரெண்டு, அதுங்களுக்கு உங்க கை வேணும். செத்தவங்க பெருமை, இருக்கிறவங்க வழியை மறிக்கலாமா? சொல்லுங்க... மறிக்கலாமா?

அட... எந்திரிச்சிட்டார்யா! அட்சதைத் தட்டை அவர்கிட்ட குடுங்க, சீக்கிரம்!