வால்புர்கா கதிர்

காபி ஆறினால் நன்றாக இருக்காது, முதலில் குடியுங்கள். நீங்கள் அறிவியல் அகாடமியிலிருந்து விசாரிக்க வந்திருப்பது தெரியும். நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

என் கணவர் கிஸ்பெர்ட் காந்த ஊசியை வைத்து ஆராய்ச்சி செய்பவர். தினமும் நாலு மணிக்கு நான் காபியோடு உள்ளே போகும்போது ஊசி நடுங்கியது. சூடான காபியிலிருந்து ஏதோ புதுக் கதிர் வருகிறது என்று முடிவுகட்டி, அதற்கு என் பெயரை வைத்தார். இந்த எர்லாங்கன் ஊரில் எல்லோருக்கும் நான் புரொஃபசரம்மாதான். வால்புர்கா என்ற பெயரை அச்சில் பார்த்தது அந்தக் கட்டுரையில்தான். எனக்கு அதிலெல்லாம் ஆசை கிடையாது.

கிராட்ஸ் நகரத்திலிருந்து அவருடைய நண்பர் பேராசிரியர் ஆல்வின் பதில் எழுதினார். தன் ஊசி அசையவே இல்லையாம். கிஸ்பெர்ட் கொஞ்ச நாள் மலைப்பக்கம் போய் ஓய்வெடுப்பது நல்லதாம். அதைப் படித்துவிட்டுக் கிஸ்பெர்ட் உருளைக்கிழங்கு உருண்டையைக்கூடத் தொடவில்லை.

அன்று எனக்கு உடம்பு சரியில்லை. வீட்டு அங்கியோடு காபி கொண்டுபோனேன். ஊசி சும்மா இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் நான் கட்டும் இடுப்புக்கச்சில் எஃகுப் பட்டைகள் உண்டு, ஊசியை ஆட்டியது அதுதான். சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். மாடிக்குப் போய்க் கச்சை இறுக்கிக்கொண்டு இன்னொரு கோப்பையோடு வந்தேன். ஊசி துள்ளியது.

"பாத்தியா, மொதல் காபியில சூடு பத்தல," என்றார்.

கிராட்ஸுக்கு நானும் எழுதினேன், ஆல்வினின் மனைவி லியோபோல்டினுக்கு. காபியை வேலைக்காரியிடம் கொடுக்காதே, எஃகுக் கச்சு அணிந்து நீயே கொண்டுபோ என்று. அவள் காரணம் கேட்கவில்லை. ஆல்வின் அடுத்த தபாலில் மன்னிப்புக் கேட்டார்.

கிஸ்பெர்ட்டின் உதவியாளர் ஃபோல்க்மார்தான் என்னை வாசலில் நிறுத்தினார். "புரொஃபசரம்மா, கோவிச்சுக்காதீங்க. காபி தனியா வந்தா ஊசி ஆடல. நாளைக்கு நீங்க வெறுங்கையோட வாங்களேன், பாத்துடுவோம்."

மரியாதையான பிள்ளை. ஊசியைக் கெடுப்பதற்காக ஃபோல்க்மார் கோட்டுப் பையில் காந்தம் வைத்திருக்கிறார் என்று கணவரிடம் சொன்னேன். தேடினார்கள், இருந்தது. நான்தான் வைத்திருந்தேன். ஃபோல்க்மார் இப்போது சைக்கிள் கடையில் இருக்கிறார். நல்ல காற்றோட்டமான வேலை.

கோடை வந்ததும் லியோபோல்டின் புழுக்கம் தாங்காமல் கச்சைக் கழற்றிவிட்டாள். கிராட்ஸில் கதிர் நின்றது. நீங்கள் வந்துவிட்டீர்கள்.

எல்லாம் கிஸ்பெர்ட்டுக்காகத்தான் செய்தேன். அப்படி ஒரு கதிரே கிடையாது என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் முட்டாளாகிப்போனார் என்றும் எழுதலாம். கதிரின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.