மூன்று பவுண் பரிசு

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். முப்பத்தொரு வருடம் ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது என் உரிமை என்று பொலிஸ்காரராகிய நீங்கள் வாசித்துக் காட்டிய தாளில் இருக்கிறது. எழுத்தில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துவதுதான் முறை. மொழிபெயர்க்க வந்திருக்கும் இந்தப் பிள்ளையின் பெயர் தனுஷிகாவாம். "யாழ்ப்பாணத்திலை எவடம், பிள்ளை?" என்று கேட்டேன். "நான் இங்கை பிறந்தனான், அங்கிள். அம்மா மானிப்பாய்," என்றாள். நல்ல பிள்ளை. நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும்.

நான் பெனடிக்ற். வயது அறுபத்துமூன்று. மவுண்ட் ஆல்பர்டில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய மரவீட்டில் தனியாக இருக்கிறேன். என் மனைவி மேர்சி சிறுநீரக வருத்தத்தால் இறந்து ஏழு வருடமாகிறது. கிழமைக்கு மூன்று நாள், டயாலிசிஸ் முடிந்து, தலைசுற்றோடு பஸ்ஸிலும் ரயிலிலும் வருவாள். எனக்கு வேலை. அதனால் அவள் போன பிறகு எங்கள் ஆட்களுக்கென்று ஒரு சிறிய தர்ம அமைப்பைத் தொடங்கினேன். நோயாளிகளை ஏற்றி இறக்க ஒரு வான். பப்களில் இருக்கும் கேமிங் மெஷின்களில் ஆட்கள் தொலைக்கும் காசில் ஒரு பங்கு பொதுநலத்துக்குப் போகவேண்டும் என்பது இங்கே சட்டம். அதில்தான் வானை வாங்கினோம். விண்ணப்பத்தை மற்றக் கமிட்டிக்காரர் தொட்டும் பார்க்கவில்லை. நாற்பத்தொரு பக்கம், ஒரு பிழை இல்லை.

பெற்றோலுக்கும் இன்சூரன்ஸுக்கும் வருடம் ஒருமுறை போக்கர் போட்டி. ஞாயிறு பூசை முடிய, மத்தியானம், வாடகை மண்டபத்தில். றோல்ஸ், ஆட்டிறைச்சிக் கறி, பத்து மேசை. போக்கர் என்றதும் சூது என்று முகம் சுளித்தவர்களுக்கும் நான்தான் விளங்கப்படுத்தினேன். பரிசின் பெறுமதி ஐயாயிரம் டொலருக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். நடத்துபவன் ஒரு சதம் எடுக்கக்கூடாது. எங்கள் போட்டியில் நடத்துபவன் ஆடவும் கூடாது. பரிசு வென்றவருக்கே உரியது. இவ்வளவையும் பெரிய எழுத்தில் அச்சடித்து மண்டபக் கதவில் ஒட்டுவேன். இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் நடத்தும் எந்த நிகழ்ச்சியும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. நான் பெருமையடிப்பதாக நினைக்கவேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் பரிசு மேர்சியின் சங்கிலி. மூன்று பவுண். தாலியை அவளோடு சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டோம், அது கோத்திருந்த கொடி என்னிடம் இருந்தது. முதல் வருடம் வென்றவன் றொய்ஸ்டன், வயது முப்பதுக்குள், கொங்கிறீட் வேலை செய்பவன். மேடையில் அவன் கழுத்தில் நானே போட்டேன். போட்டபோது என் கண் கலங்கியது. அவனும் அழுதான். "அங்கிள், இது அன்ரின்ரை. நான் திருப்பித் தாறன்," என்று மைக்கில் சொன்னான். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. என் வாழ்க்கையில் யாரும் எனக்காக எழுந்து நின்றது அன்றுதான். அந்த நேரம் நான் அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்தது பலமாக என்று அவன் இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறான். பாசத்தில் பிடித்தால் பலமாகத்தான் பிடிப்பார்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வென்றவர் சங்கிலியோடு ஒரு படம் எடுப்பார், மைக்கில் இரண்டு வார்த்தை சொல்வார், கழற்றித் தருவார். அடுத்த வருடம் அதே சங்கிலி. இதை எழுத்தில் வைக்கமுடியாது. வைத்தால் பரிசு பரிசல்ல என்றாகிவிடும், அது குற்றம். வாயால் சொல்வதும் சரியில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள் ஒரு வீட்டில் தெரிந்தது மற்ற வீட்டுக்குத் தானாகப் போய்விடும். நான் செய்ததெல்லாம் ஒரு படிவம் தயாரித்தது மட்டும்தான். 'இந்தப் பரிசை மனம் விரும்பி நன்கொடையாகத் தருகிறேன்.' கீழே கையெழுத்து. சட்டப்படி அதில் யாரும் பிழை பிடிக்கமுடியாது.

நான்காம் வருடம் கேதீஸ்வரன் வென்றார். தச்சுவேலை செய்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மேடையில் மைக்கை வாங்கி, நன்றி சொல்லி, சங்கிலியோடு இறங்கிப் போய்விட்டார். மறந்துபோனார் என்று நினைத்து அடுத்த நாள் காலை அவருடைய வீட்டுக்குப் போனேன். கராஜில் நின்றார். "மகள் பெரியபிள்ளையாகிட்டாள், சாமத்தியச் சடங்கு வருது, பெனடிக்ற் அண்ணை. அவளுக்குப் போடப்போறன். வெண்டது நான்தானே?" என்றார். நான் வாதாடவில்லை. அவர் ஏதோ சாமான் எடுக்கக் கார்க் கதவைத் திறந்தார். வலது கையைக் கதவுச் சட்டத்தில் வைத்திருந்தார். கதவைச் சாத்தினேன். பிறகு இரண்டாம் தரமும் சாத்தினேன், ஏனென்றால் முதல் தரம் அவர் கத்தினாரே தவிர மனத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டாவதில் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. படிவத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கோணலாக இருந்தாலும் வாசிக்கலாம், உங்கள் பைலில் இருக்கிறது பாருங்கள். டொக்டரிடம் கை தற்செயலாக நசுங்கியதாகச் சொல்லியிருக்கிறார். என்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

அதற்குப் பிறகு ஒரு சிக்கலும் வரவில்லை. ஐந்தாம், ஆறாம் வருடங்களில் கடைசி மேசைக்கு வந்தவர்கள் நல்ல காட்ஸ் கிடைத்தாலும் கீழே போட்டார்கள். மூன்று ராசாவை வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். வெல்லாமல் இருப்பதற்கு அப்படி ஒரு போட்டி. அதை நான் பணிவு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் சிந்து வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, பிளாட் புஷ்ஷில் வீடு, முதியோர் இல்லமொன்றில் வேலை. பேஸ்புக்கில் எங்கள் அறிவித்தலைப் பார்த்து வந்திருக்கிறாள். எங்கள் ஆட்களில் ஒருவரையும் தெரியாது. தெரிந்த வீடு ஒன்று இருந்திருந்தால் அந்த வீட்டு அடுப்படியில் யாராவது ஒரு சொல் சொல்லியிருப்பார்கள். அதுதான் நடந்த பிழை, அது என்னுடைய பிழையல்ல. அவளுக்குப் பெரிதாக ஆட்டம் தெரியாது. ஆனால் கடைசி மேசையில் எல்லோரும் காட்ஸைப் போட்டுவிட்டு ஒதுங்க, அவள் மட்டும் இருந்தாள். ஒரு சோடி நாலை வைத்துக்கொண்டு வென்றாள்.

சங்கிலியைப் போட்டேன். மைக்கைக் கொடுத்தேன். "விசா செலவுக்கு என் தாலிச் செயின வித்துட்டோங்க. ரெண்டு வருஷமா மஞ்சக்கயிறுதான். இனிமே தாலிய இதுல கோத்துப்பேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி," என்றாள். நான் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். கேதீஸ்வரன்தான். வளைந்த விரல்களோடு கை தட்டிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். முந்தைய வருடங்களைவிட அதிக நேரம் தட்டினார்கள். எனக்கு முகம் எரிந்தது. கோபமில்லை. மேர்சிக்காக வந்த வேதனை.

பதின்மூன்று நாள் பொறுத்தேன். மூன்று தரம் குறுஞ்செய்தி அனுப்பினேன், தேத்தண்ணிக்கு வரலாமா என்று மட்டும். சனிக்கிழமை பின்னேரம் வரச் சொன்னாள். கணவர் மதன்குமாருக்கு அன்று வேலை. நான் வாழைப்பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகும் பழக்கம் எனக்கில்லை.

புது வீடு, சிறியது, துப்பரவாக வைத்திருந்தாள். தேத்தண்ணிக்கு இஞ்சி இடித்துக்கொண்டே கதைத்தாள். சங்கிலி கழுத்தில் கிடந்தது. அதில் அவளுடைய தாலி. இரண்டு குண்டுமணியும் சேர்த்துக் கோத்திருந்தாள். படிவத்தை மேசையில் வைத்து, வழக்கத்தை முதன்முதலாக வாய்விட்டு விளங்கப்படுத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அங்கிள், ஆன்ட்டியோடதுன்னு எனக்குத் தெரியாது. கஷ்டமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா பரிசு ஜெயிச்சவங்களுக்கேன்னு நீங்கதானே கதவுல ஒட்டியிருந்தீங்க? போட்டோகூட எடுத்து வெச்சிருக்கேன். தாலிய கோத்தப்புறம் எப்படிக் கழட்டறது? நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னது முற்றிலும் சரி. சட்டம் அவள் பக்கம். இதை நீங்கள் அப்படியே பதியவேண்டும், ஏனென்றால் நான் சட்டம் தெரியாதவன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. அவளிடமும் "நீர் சொல்லுறது சரி, பிள்ளை," என்றே சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். சிரித்துக்கொண்டு பால் எடுக்கத் திரும்பினாள். இஞ்சி இடித்த கல்லுலக்கை அடுப்பு மேடையில் இருந்தது. பின்னந்தலையில் அடித்தேன். பால்போத்தல் விழுந்து உடைந்தது. அவள் விழவில்லை, மேடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். "அங்கிள்" என்றாள். நெற்றியில் இரண்டு தரம் அடித்தேன். விழுந்த பிறகு எத்தனை தரம் என்பது நினைவில்லை. பிரேத பரிசோதனை ஒன்பது என்று சொல்வதாகச் சொன்னீர்கள். ஒன்பது என்றே எழுதுங்கள்.

தனுஷிகா நிறுத்திவிட்டாள். "கொஞ்சம் நில்லுங்கோ அங்கிள், ப்ளீஸ்," என்கிறாள். தண்ணீர் குடி பிள்ளை, அவசரமில்லை.

சரி. சங்கிலியை இழுத்தால் அறுந்துபோகும். அதனால் அவள் மூச்சு அடங்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தேன். எட்டு, பத்து நிமிடம் இருக்கும். தனியாக விட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிறகு கொக்கியைக் கழற்றி, தாலியையும் குண்டுமணியையும் உருவிக் கழுவி, மேசையில் ஒரு சோசரில் வைத்தேன். எனக்குரியதல்லாத எதையும் நான் தொட்டதில்லை. படிவத்தில் அவளுடைய பெயரை எழுதினேன். கையெழுத்துக்குரிய இடம் வெறுமையாகக் கிடந்தது மனத்துக்கு உறுத்தலாக இருந்தது. கையெழுத்துப் போட இயலாதவர்களிடம் பெருவிரல் அடையாளம் வாங்குவது ஊரில் எங்கள் அரசாங்கக் கந்தோர்களில் இருந்த நடைமுறை. மை தேடவேண்டியிருக்கவில்லை. அடையாளம் தெளிவாக விழுந்தது. ஒரு பிரதியை மதன்குமாருக்கென்று வைத்துவிட்டு வந்தேன். அதை வைத்துத்தான், அவர் வேலை முடிந்து வீடு வந்த ஒரு மணித்தியாலத்துக்குள், உங்கள் ஆட்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் ஓடவில்லை, ஒளிக்கவுமில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஓம், சிந்துவைக் கொன்றது நான். அதில் மாற்றமில்லை. ஆனால் கேதீஸ்வரனும் றொய்ஸ்டனும் மற்றவர்களும் பயத்தில் தந்தார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதை ஏற்கமாட்டேன். படிவத்தைப் பாருங்கள், மனம் விரும்பி என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஆறு வருடம் ஆறு பேர் அன்போடு தந்ததை ஒரு பிள்ளை தரவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் அசிங்கப்படுத்தக்கூடாது. வானை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை ஏழு பேர் போகவேண்டும்.

உங்களுடைய கடைசிக் கேள்வியைத் தனுஷிகா மெல்லக் கேட்கிறாள்: அந்தச் சங்கிலியை மேர்சி என்னிடம் தந்தாளா, தான் போன பிறகு இப்படிச் செய்யும்படி சொன்னாளா என்று. வாயால் சொல்லவில்லை. அவளால் அப்போது பேசமுடியாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த கலியாணத்தில் மனைவியின் மனம் கணவனுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில், நேர்ஸ் வெளியே போயிருந்த நேரம், நான் கொக்கியில் கை வைத்ததும் கண்ணைத் திறந்து பார்த்தாள், இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்தாள். மேர்சியும் மனம் விரும்பித்தான் தந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.