ஐந்துக்கு ஐந்து

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த வேலை கிடைத்ததே அதனால்தான். பக்கவாதம் வந்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும் வாரம் மூன்று நாள் வந்து, பயிற்சி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற இடம் அது. போவதற்குள் அவர்களைப் பிடித்து உட்காரவைத்து, பதினாலு கேள்வி கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் வாங்கவேண்டும். மாதச் சராசரி நாலரைக்குக் கீழே போனால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் எனக்கு யாரும் இல்லை. இங்கேயும் இல்லை, ஆனால் உட்கார ஒரு நாற்காலி இருந்தது.

நோயாளிகள் கறாரானவர்கள். "ரெண்டு மணி நேரம் காக்க வச்சுட்டு அனுபவம் எப்படின்னு கேக்குறியே, உனக்கே சிரிப்பு வரல?" என்பார் ஒரு முழங்கால்காரர். இரண்டுக்கு மேல் அவர் போட்டதே கிடையாது.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார்கள். பக்கவாதத்தில் வலது கை விழுந்திருந்தது. கட்டைவிரல் மட்டும் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. பேச்சு போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது.

"வலிச்சுதா டீச்சர்?"

"ஆமா."

ஒரு மார்க். மனசு கேட்கவில்லை. திருப்பிக் கேட்டேன்.

"வலி ஒண்ணும் இல்லையே?"

"ஆமா."

ஐந்து.

பிறகு எல்லாக் கேள்வியையும் அப்படியே கேட்டேன். முழங்கால்காரரை விட்டுவிட்டு, மாதம் நாலு தடவை டீச்சரிடமே கேட்டேன். பொய்யாக ஓர் எழுத்து எழுதியதில்லை ஐயா. தாள் முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருப்போம். "இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்கா டீச்சர்?" "ஆமா." என்னை மறுத்துப் பேசாத ஒரே ஆள் அவர்கள்தான்.

புதிதாக வந்த பயிற்சியாளர் அவசரக்காரர். விழுந்த கையைத் தலைக்கு மேலே வெடுக்கென்று இழுப்பார். கொஞ்ச நாளில் டீச்சரின் தோளில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. நான் பார்த்தேன். தாளில் தோளைப் பற்றிக் கேள்வி இல்லை.

ஒருநாள் இடது கையால் என் பேனாவைப் பிடுங்கி, ஒன்று என்ற கட்டத்தைக் குத்திக் கிழித்தார்கள். கிழிந்த தாள் செல்லாது. வேறு தாள் எடுத்தேன்.

மறுநாள் அவர்கள் கணவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, இங்க கெளம்பணும்னாலே அழறா. நிறுத்திடலாமான்னு பாக்குறேன். உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

தாள்களைக் காட்டினேன். "எல்லாம் அஞ்சுக்கு அஞ்சு சார்."

"அவ எல்லாத்துக்கும் ஆமாம்பாளே தம்பி."

"முகத்தைப் பாத்துப் புரிஞ்சுக்க எங்களுக்குத் தனியா பயிற்சி இருக்கு சார்."

அப்படி ஒரு பயிற்சி கிடையாது. ஆனால் அவர் முகம் தெளிந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பி, "ஏண்டி, அப்ப என்னை மட்டும்தான் படுத்துறியா?" என்று சிரித்தார்.

"ஆமா," என்றார்கள் டீச்சர். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவர் துடைத்துவிட்டு உள்ளே அனுப்பினார்.

அதற்கு மூன்றாவது வாரம் டீச்சரின் தோள் கழன்றது. நரம்பு அறுந்துவிட்டது, இனி அந்தக் கை திரும்பாது என்றார்கள். கட்டைவிரலும் நின்றுபோனது. அந்த மாதம் எங்கள் சராசரி நாலு புள்ளி ஒன்பது.

வலி தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று விசாரணையில் கேட்கிறீர்கள். டீச்சர் கடைசியாக வந்த அன்று நானே அவர்களிடம் கேட்டேன்.

"உங்கள நான் நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்?"

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லும் வரவில்லை. பதில் வராவிட்டால் போன தடவை சொன்னதையே போட்டுக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது.

ஐந்து போட்டேன்.