கொலின்ஸுக்கு எடுத்த பற்றரி

பற்றரி வாங்கப் போனால் முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும், ஐயா. பெட்டியில் கொள்ளளவு என்று பெரிய இலக்கம் அடித்திருக்கும், தூக்கினால் பாரமே இருக்காது. அது போலி. உள்ளே இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே கொம்பனி செய்தவையாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமல் தடுக்கிற சேர்க்கிட் ஒன்றும் இருக்க வேண்டும். இதெல்லாம் மன்னார் ரவுணில் கடை வைத்திருக்கும் ஸப்ராஸ் எனக்குச் சொல்லித் தந்தது. அவனை நீங்கள் பிடித்து வைத்திருப்பது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் றஞ்சிதா, ஊர் பேசாலை. தம்பி கொலின்ஸுக்கு இரண்டு காலும் இல்லை. இடம்பெயர்ந்து திரும்பிய காலத்தில் திருக்கேதீஸ்வரப் பக்கம் விறகுக்குப் போய் மிதிவெடியில் அகப்பட்டவன். அன்று தொடக்கம் அவனைக் குளிப்பாட்டுவது, தூக்கி இருத்துவது, கோவிலுக்குக் கொண்டுபோவது எல்லாம் நான்தான். எனக்கு வந்த சம்பந்தங்களை நானே வேண்டாம் என்றேன். யாரும் கேட்டு நான் செய்யவில்லை, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பிறகு கனடாவில் இருக்கும் மாமாவின் மகன் றொட்னி மின்சார ஸ்கேற்போட் ஒன்று அனுப்பினான். காலில்லாதவனுக்கு இது எதற்கு என்று சிரித்தேன். சக்கர நாற்காலி எங்கள் மணலில் புதையும், தள்ள ஆள் வேண்டும். ஆனால் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டிருந்தார்கள். கொலின்ஸ் அந்தப் பலகையில் ஏறி இருந்து, கையில் சின்ன ரிமோட்டை அமத்தி, தன்பாட்டில் தலைமன்னார் றோட்டுக்குப் போய்வரத் தொடங்கினான். எங்கே போகிறான் என்றுகூடச் சொல்லமாட்டான். தோட்டவெளி வரை போயிருக்கிறான் என்பது, அங்கே டிலோஜினி என்று ஒருத்தியைக் கட்டப்போகிறேன் என்று அவன் சொன்னபோதுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பது.

"அக்கா, இனி உங்களுக்கு என்னால கரைச்சல் இல்லை. ஆறுதலா இருங்கோ," என்றான்.

கரைச்சல் என்று நான் எப்போதாவது சொன்னேனா? அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவனுக்குக் கஞ்சியை எந்தச் சூட்டில் கொடுப்பது என்றுகூட அந்தப் பெட்டைக்குத் தெரியாது.

கலியாணத்துக்கு முன்னால் பலகையின் பற்றரி செத்துப்போனது. லிதியம் பற்றரியை விமானத்தில் ஏற்றமாட்டார்களாம், றொட்னியால் அனுப்ப முடியவில்லை. "நல்லதாப் பாத்து எடுங்கோ அக்கா," என்று கொலின்ஸ் என்னைத்தான் ரவுணுக்கு அனுப்பினான்.

ஸப்ராஸ் பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினான். "ஆள் ஏறி ஓடுற சாமான் அக்கா, மலிவு பாக்காதேங்கோ." வாசலில் ஒரு மண் வாளிக்குள் அதே மாதிரிப் பற்றரி ஒன்று வயிறு ஊதிக் கிடந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"தொடாதேங்கோ, எறிய வச்சிருக்கிறன். சார்ஜில போட்டாப் பத்தும். தண்ணி ஊத்தினாலும் லேசில அடங்காது."

நான் நல்லதையே வாங்கினேன். அவன் மிச்சக் காசு எடுக்கத் திரும்பியபோது வாளியில் கிடந்ததையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். களவு என்று எழுதுங்கள், அது உண்மை. நல்லது இன்னும் என் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. அருமையான சாமான்.

ஊதியதை நானே பலகையில் பொருத்தினேன். மூடி சரியாக அமரவில்லை, ஒட்டுகிற ரேப் சுற்றினேன். அவனுடைய சாமான்களை எப்போதும் நான்தான் எடுத்து வைப்பேன், அதனால் அவன் பார்க்கவும் இல்லை. ஞாயிறு காலையில் அவனுடைய கட்டிலுக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போட்டேன். தானும் பூசைக்கு வரவேண்டும் என்றான். நாற்காலி தள்ள எனக்கு இன்றைக்கு முதுகு நோகிறது என்றேன். "சரியக்கா, நீங்கள் போட்டு வாங்கோ," என்றான். கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனேன். பூட்டாமல் விட்டால் கையால் அரக்கி அரக்கி வெளியே வந்துவிடுவான்.

அன்று பூசையில் பங்குச் சுவாமியார் கொலின்ஸ், டிலோஜினி கலியாண அறிவித்தலைக் கடைசித் தடவையாக வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார். நான் வாய் திறக்கவில்லை. கோவிலுக்குள் எழும்பி நின்று கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டில் புகை எழும்பினதைக் கண்டு, நான் போய்ச் சேர முன்னம் அயல் பெடியள் கதவை உடைத்துவிட்டார்கள். கொலின்ஸ் கட்டிலால் விழுந்து, எரிகிறதை இரண்டு கையாலும் தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். விரல் ஒன்றும் மிஞ்சாது என்று டொக்டர் சொன்னார். இனி அவனால் ரிமோட்டை அமத்த முடியாது, கரண்டியும் பிடிக்க முடியாது.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை, ஐயா. செத்தவனுக்கு நான் என்ன செய்துகொடுக்க முடியும்?

டிலோஜினி ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள். "மச்சாள், எப்பிடி இருந்தாலும் நான் அவரைப் பாக்கிறன்," என்றாள். வீட்டுக்குப் போ பிள்ளை என்று அனுப்பிவிட்டேன். இனிக் கலியாணப் பேச்சு எதற்கு?

எழுதி முடிந்தால் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மத்தியானம் அவனுக்குச் சோறு தீத்த வேண்டும். நேர்ஸ் தீத்தினால் வாய் திறக்கிறானாம், அது அவர்கள் சொல்லுகிற கதை. நான் வார்ட்டுக்குள் போனதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறான். நான் பக்கத்தில் இருந்தால்தான் அவனுக்கு நித்திரை வருகிறது.