லேலண்ட் ஹோவிக்கின் முதல் மசோதா

மேடையில் வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே, சட்டமன்ற உறுப்பினர்களே, பின்னால் நிற்கும் எங்கள் பிரெய்ரி ஃபோர்க் ஊர்க்காரர்களே, வணக்கம். கதவோரம் உட்கார்ந்திருக்கும் வெர்னனுக்குத் தனியாக ஒரு வணக்கம். குடும்பத்தாருக்கென்று ஒதுக்கிய முன்வரிசையில் இறந்தவரின் சித்தப்பா மகன்கள் இருக்கிறார்கள். பத்தொன்பது வருஷம் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர் கதவோரம். இருக்கட்டும்.

என் பெயர் ஓபல் ரஸ்க். மாவட்ட மருத்துவமனையில் துணி வெளுக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அலங்காரமாகப் பேசத் தெரியாது.

இன்று நாம் நினைவுகூர வந்திருக்கும் மாண்புமிகு லேலண்ட் ஹோவிக்! ஆணை நேசிக்கும் ஆண் நான் என்று ஒளிக்காமல் சொல்லி, இந்த மாநிலத்தில் ஓட்டுக் கேட்டு ஜெயித்த முதல் மனிதர். எப்படி ஜெயித்தார்? கோதுமைக் கிடங்கு வாசலில் ஒரு விவசாயி வழிமறித்தார்.

"நீ அந்த மாதிரி ஆளாமே?"

"ஆமாங்க. அது இருக்கட்டும், உங்க பாலம் இடிஞ்சு எத்தனை வருஷமாச்சு?"

அந்தப் பாலத்தை அவர்தான் கட்டிக் கொடுத்தார்.

இந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. புது உறுப்பினர் கொண்டுவரும் முதல் மசோதாவுக்கு எல்லோரும் வேண்டுமென்றே 'எதிர்ப்பு' என்று சிவப்பு விளக்கைப் போடுவார்கள். அவர் முகம் வெளுத்ததும் சிரித்துவிட்டுப் பச்சைக்கு மாற்றுவார்கள். அவருடைய முதல் மசோதா அன்று நான் பார்வையாளர் மேல்மாடத்தில் இருந்தேன். வாக்குப் பலகை முழுக்கச் சிவப்பு. ஹோவிக்கும் சிரித்தார்.

"சரிப்பா, சிரிச்சாச்சு. மாத்துங்க."

"ஏன் லேலண்ட், சிவப்பு உனக்கு எடுப்பாத்தானே இருக்கு!" என்று ஒரு குரல்.

பதினொரு விளக்குகள் பச்சையாயின. மற்றவை மாறவேயில்லை. வேடிக்கை எந்த நிமிஷத்தில் வாக்காக மாறியது? இங்கே இருப்பவர்களில் யாராவது சொல்வீர்களா?

அந்த மசோதாவில் அப்படி என்ன கேட்டார்? நோயாளி கையெழுத்துப் போட்டுச் சொன்ன ஆளை, உறவோ இல்லையோ, கட்டிலருகே விடுங்கள் என்றார். அவ்வளவுதான்! ஐந்து தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் மசோதாவை விசாரிக்கும் குழுவின் தலைவர் கர்ட்ஸ் அவர்கள், இதோ மேடையில் இருக்கிறார், ஒரே பதில்தான் சொன்னார். "எந்த ஆஸ்பத்திரியில வெளியே நிறுத்துறாங்க? அங்க வேலை பாக்குற ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க பாப்போம்."

ஹோவிக் என்னிடம் வந்தார்.

"ஓபல், நீ பாத்திருக்கே இல்ல?"

"பாத்திருக்கேன் லேலண்ட். ஆனா சொன்னா வேலை போயிடும்."

"அப்ப விடு. உள்ள வா, வெர்னன் சூப் வச்சிருக்கான். உப்பு தூக்கலாத்தான் இருக்கும், நல்லாருக்குன்னு சொல்லிடு."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைக் கேட்டதேயில்லை.

போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்து எங்கள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஹோவிக் கையெழுத்துப் போட்ட தாளோடு வெர்னன் அறைக்கு வெளியே நடைபாதையில் நின்றார். உறவினர் மட்டும்தான் என்றார்கள். நான் படுக்கை விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"ஓபல், உனக்குப் பின்வழி தெரியுமே."

தெரியும். சாவியும் என் இடுப்பில் இருந்தது. "கொஞ்சம் பொறு வெர்னன், மேற்பார்வையாளர் நகரட்டும்" என்றேன். அவர் நகர்ந்தார். நான் சாவியை எடுப்பதற்குள் தாதி வெளியே வந்தார்.

"வெர்னன்ங்கறது யாரு? கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார்."

இந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்துக்கு அவர் பெயரை வைக்கப் போகிறீர்களாம். வையுங்கள். உயிரோடு இருந்தபோது அந்தத் தாழ்வாரத்தில் எத்தனை பேர் அவரோடு நின்று பேசினீர்கள்?

செவ்வாய்க்கிழமை, அவர் கடைசியாகத் தாக்கல் செய்துவிட்டுப் போன அந்த மசோதா ஆறாவது தடவையாகக் குழுவுக்கு வருகிறது. சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன்.

"திரும்பி வந்தா வேலை இருக்காது ஓபல்."

"தெரியுங்க."

கர்ட்ஸ் அவர்களே, வேலை பார்க்கும் ஓர் ஆளைக் கேட்டீர்களே, வருகிறேன். வெர்னனை வெளியே நிறுத்தியது யார் என்று கேளுங்கள். என் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.