அற்புதமும் ஆறாம் நம்பர் கட்டிலும்

— கேமரா ஓடுகிறது, சகோதரரே. நேற்று எழுந்தது போலவே ஒருதரம் எழுந்து நில்லுங்கள். 'அல்லேலூயா' என்று மட்டும் சொன்னால் போதும்.

— நேத்து நான் எந்திரிக்கவே இல்லைங்க, பாஸ்டரய்யா.

— ஹால் முழுக்கப் பார்த்தது. 'முதியோர் இல்லத்தில் முடங்கிக் கிடந்த ஆண்டிச்சாமி, போதகர் தங்கமுத்துவின் ஜெபத்தில் எழுந்தார்' என்று தலைப்புகூட வைத்துவிட்டேன்.

— தலைப்பை நீங்களே வச்சுக்கங்க. காலை எங்கிட்ட விட்டுருங்க.

— இதோ, வீடியோவைப் பாருங்கள். 'எழுந்து நட' என்று நான் முழங்குகிறேன். டிரம் அதிர்கிறது. நீங்கள் சக்கர நாற்காலியை விட்டு எழுகிறீர்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறீர்கள்.

— தூக்கிட்டு என்ன சொல்றேன்னு சத்தத்தைக் கூட்டி வைங்க.

— அதுதான்... கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

— 'அரோகரா'ன்னு சொல்றேன். எங்க ஊரு பூண்டியில இருந்து பழனிக்கு வருசா வருசம் காவடி தூக்கி நடந்த உடம்புங்க இது. உங்க பிரசங்கத்துல எனக்குக் கண்ணு சொருகிருச்சு. டம்மு டம்முன்னு அடியும், கூட்டத்துச் சத்தமும் கேக்கவும், அடிவாரத்துல நிக்கிறதா நெனச்சுட்டேன்.

— அப்படியானால் உங்களை எழுப்பியது யார்?

— அதைத்தேன் ராவெல்லாம் யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன். கூப்புட்டது நீங்க. எந்திரிச்சது பழனியில இருக்கிறவருக்கு. யாருக்குக் கும்பிடு போடுறதுன்னு தெரியலை.

— சகல மகிமையும் கர்த்தருக்கே. அந்த இடத்தில் பாட்டைப் போட்டு மூடிப் பார்த்தேன். ஆனால் உங்கள் உதடு காட்டிக் கொடுக்கிறது. அதனால்தான் மறுபடியும் எடுக்கலாம் என்று...

— குட் மார்னிங் தாத்தா. பாஸ்டர், வண்டியில ஹாட் வாட்டர் பேக் வச்சுட்டேன். கண்ணாடியையும் ஏத்தி விட்டுட்டேன்.

— சரி சரி, ராஜகுமாரி சிஸ்டர். நீங்கள் போங்கள், நான் வருகிறேன்.

— போறேன் பாஸ்டர். தாத்தா நடந்துட்டார்னா உடனே சொல்லுங்க. நடக்க முடியாதவங்களுக்குத்தான் இங்க பெட்டுன்னு ரூல் இருக்குல்ல. பூண்டிக்கு போன் போட்டு, மகன் அஜித்குமாரை வரச் சொல்லி டிஸ்சார்ஜ் பண்ணிரலாம். ஹேப்பி நியூஸ்தானே தாத்தா?

— ஏத்தா, காலு மரக்கட்டையாட்டம் கெடக்குத்தா.

— நேத்து ஜம்முன்னு நின்னீங்களே. நான் அழுதே போயிட்டேன். ஓகே, நீங்க பிரேயர் பண்ணுங்க.

— போயிருச்சாங்க அந்த நர்சுப் பிள்ளை?

— போய்விட்டார்கள்.

— வண்டிக்கு எதுக்குங்க வெந்நீர்ப் பை?

— உள்ளே கீபோர்டு இருக்கிறது. கொடைக்கானல் குளிர் அதற்கு ஆகாது.

— அதுக்கு வந்த வாழ்வு. சரி, கதவைச் சாத்துங்க. உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். கேமராவை அமத்துங்க.

— அணைத்துவிட்டேன்.

— செவப்பு லைட்டு எரியுது.

— இப்போது அணைத்துவிட்டேன்.

— எனக்கு நடக்க வரும். நேத்துல இருந்து இல்லை, ரொம்ப நாளாவே. கேரட் மூட்டை சரிஞ்சு இடுப்பு ஒடிஞ்சுதேன் இங்க வந்தேன், அது பொய்யில்லை. பெறகு எலும்பு தானாக் கூடிருச்சு. வெள்ளனே, யாரும் முழிக்கிறதுக்குள்ள வராந்தாவுல நடந்துட்டு வந்து படுத்துக்குவேன்.

— அப்படியானால் நேற்று நடந்தது அற்புதமே இல்லையா?

— இல்லைங்க. தப்பா நெனைக்காதீக. நீங்க நல்லாத்தேன் கத்துனீங்க.

— இது ஏமாற்று வேலை, சகோதரரே. பாவம்.

— ஏமாத்துதேன். வீட்டுக்குப் போனா எங்க படுப்பேன்? என் ரூமை மகன் டூரிஸ்டுக்கு விட்டுட்டான். வாசல்ல போர்டு தொங்குது. என் கட்டில்ல உக்காந்து போட்டோ எடுக்குதுக. எனக்குப் பூண்டுக்குப் புகை போடுற அறையிலதேன் எடம். பூண்டு கெட்டுப்போகாம இருக்கப் புகை நல்லது. எனக்கு இருமல்லயே உசுரு போயிரும்.

— உங்கள் மகனின் இருதயத்தைக் கர்த்தர் மாற்றுவார். நீங்கள் இந்த ஆறாம் நம்பர் கட்டிலை விட்டு எழுந்து வீடு போய்ச் சேருவதே அவர் சித்தம். இன்றைக்கே.

— இன்னைக்கேவா? அற்புதமில்லைன்னு இம்புட்டுச் சொன்ன பெறகுமா? ஏங்க, உங்களுக்கு வேண்டியது வீடியோவா, நான் போறதா?

— இரண்டும்... என்னைக் குழப்பாதீர்கள்.

— நான் எங்கங்க குழப்புறேன்? வந்ததுல இருந்து நீங்க என் காலைப் பாக்கலை, கட்டிலைத்தேன் பாக்குறீங்க. மெத்தையை அமுக்கி அமுக்கிப் பாத்தீங்க. நடுநடுவுல சன்னல் வழியா வண்டியைப் பாக்குறீங்க.

— கீபோர்டு விலை உயர்ந்தது.

— இருந்துட்டுப் போகட்டும். நான் எந்திரிக்க மாட்டேன். எட்டாம் நம்பர் ராக்காயி நெசமாவே நடக்க முடியாதவ. அவளை எழுப்பிக் காட்டுங்க. பின்னாலயே நான் நடந்து வாரேன்.

— அதற்கு விசுவாசம் வேண்டும்.

— யாருக்குங்க?

— பாஸ்டர், ஸாரி. ஹாட் வாட்டர் பேக் ஆறிப்போச்சு. வண்டியில உங்க அம்மாவுக்கு ரொம்பக் குளுருது, பின் சீட்ல திரும்பிப் படுக்கக்கூட முடியலை. பெட் காலியாகிரும்னு பழனியில இருந்து கையோட கூட்டிட்டு வந்துட்டீங்க. தாத்தா எந்திரிச்சாரா, இல்லையா?

— ஏங்க பாஸ்டரய்யா, இதுவா கீபோர்டு?

— என் தாயார்... சுகவீனமாக... எங்கம்மாங்க. படுத்த படுக்கையாயிட்டாங்க. நான் ஜெபம் பண்ணாத நாள் இல்லை. 'தங்கமுத்து ஜெபித்தால் முடவர் நடப்பார்'னு எங்க வீட்டுச் சுவத்துல பெருசா எழுதிருக்கு. அந்தச் சுவத்துக்கு உள்பக்கந்தான் அவங்க கெடக்காங்க. சபையில யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா நான் என்னத்தைச் சொல்ல?

— இப்பத்தேன் நீங்க பேசுறது எனக்குப் புரியுது.

— பாஸ்டர், வேற பெட் எதுவும் இல்லை. தாத்தா நடக்கலைன்னா, மிஸ்ட் எறங்கி ரோட்டை மறைக்கிறதுக்குள்ள நீங்க அம்மாவைக் கீழ கூட்டிட்டுப் போயிரணும். சொல்லுங்க, தாத்தா நடந்தாரா?

— இல்லை சிஸ்டர். நானும் எம்புட்டோ ஜெபிச்சுப் பாத்துட்டேன். பாவம், அவருக்கு நடக்க வரலை. நான் அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுறேன்.

— நேத்து நின்னாரே பாஸ்டர்? ஒன்னுமே புரியலை எனக்கு. தாத்தா, என்ன பண்றீங்க, கீழ விழுந்துருவீங்க.

— செருப்பைத் தேடுறேன்த்தா. கட்டிலுக்கு அடியிலதேன் ஒளிச்சு வச்சிருந்தேன். நீ இந்தப் போர்வையை மாத்தாத, சூடு இன்னும் இருக்கு, அம்மாவுக்கு ஆகும். பாஸ்டரய்யா, வெரசா வாங்க. அம்மாவுக்கு நீங்க தலைமாட்டைப் பிடிங்க, கால்மாட்டை நான் பிடிச்சுக்கிறேன். அந்தக் கேமரா அமந்தே கெடக்கட்டும்.