கட்டத்தைத் தொடாத அம்பு

ஒரு கட்டத்தின் மூலை எவ்வளவு வளைந்திருக்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் இரண்டு வாரம் சண்டை நடந்திருக்கிறது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நாள் முழுக்க அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்யப்போகிறவர்களின் கண்ணுக்காகத்தான் நாங்கள் அப்படி அடித்துக்கொண்டோம். கடைசியில் நான் சொன்ன வளைவுதான் நின்றது. பொதுவாக அங்கே நான் சொல்வதுதான் நிற்கும்.

நீங்கள் விசாரணையை முடித்துக் கோப்பைக் கட்டிவைத்து எட்டு மாதம் ஆகிறது. யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் இதை எழுதுகிறேன். அன்று உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அது எப்படி என்பதை விளக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும்.

எங்கள் எடிட்டர் என்ற மென்பொருளைப் பற்றி உங்களுக்கு மறந்திருக்கலாம். ஒரு வேலை யாரிடம் தொடங்கி, யார் யார் கைக்குப் போய், எங்கே முடிகிறது என்பதைப் பிரவுசரிலேயே படமாக வரையலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், கட்டத்திலிருந்து கட்டத்துக்கு ஓர் அம்பு. வரைந்து சேமித்துவிட்டால் அந்தப் படமே வேலை வாங்க ஆரம்பித்துவிடும். அம்பு காட்டும் வழியில் அடுத்தவர் திரையில் அடுத்த வேலை போய் நிற்கும். அம்பு இல்லாத இடத்துக்கு எதுவும் போகாது. அதன் வடிவமைப்பு முழுக்க என் பொறுப்பு.

முதல் ஆண்டில், எந்தக் கட்டத்தோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும் அம்பின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும்படி வைத்திருந்தேன். ஒரு பெரிய வாடிக்கையாளருக்குச் செய்துகாட்டிய அன்று, படத்தில் பதினொரு புள்ளிகள் வந்துவிட்டன. அவர்களுடைய மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்னங்க, படத்துக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அவமானம் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்த மாதமே புள்ளியைத் தூக்கிவிட்டு அதற்குப் பதிலாக ஒரு துப்புரவு வேலையை எடிட்டருக்குள் வைத்தேன். சேமிக்கும் நொடியில், ஒட்டாத அம்புகளை அது யாரையும் கேட்காமல் அழித்துவிடும். படம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். எல்லாரும் பாராட்டினார்கள்.

இன்னொன்றும் செய்தேன். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒரு பதிவேடு உண்டு. துப்புரவு செய்ததை "எடிட்டர் அழித்தது" என்று அதில் எழுதினால், எங்கள் படத்தில் உங்கள் எடிட்டர் ஏன் கைவைக்கிறது என்று தினம் நாலு பேர் போனில் பிடித்துக்கொள்வார்கள். அதனால், சேமித்தவர் யாரோ அவர் பெயரிலேயே பதியும்படி செய்துவிட்டேன். நீங்கள் என்னிடம் கேட்டது, பதிவேட்டை யாராவது திருத்தியிருக்க முடியுமா என்பது. முடியாது என்றேன். அது உண்மை.

நீங்கள் விசாரித்த அந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அலுவலகப் பொறுப்பு முழுவதையும் பார்த்துவந்தவர் என் அண்ணி. உறவு உங்களுக்குத் தெரியும், அன்றே கேட்டு எழுதிக்கொண்டீர்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்கு முதல் கம்ப்யூட்டர் வேண்டும் என்று வீட்டில் ஒற்றை ஆளாக வாதாடி ஜெயித்தவர் அவர்தான். எங்கள் எடிட்டரை அந்தக் கூடத்துக்குள் கொண்டுபோனதும் அவர்தான். எங்கள் தம்பி செய்தது என்று மேலதிகாரியிடம் பெருமையடித்துக்கொண்டாராம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். அண்ணி நன்றாகப் படம் போடுவார். கூடத்துச் சுவர்களில் பல வருடங்களாகத் தொங்கிய பட்டியல்களும் அட்டைகளும் அவர் ஸ்கேல் வைத்து மைப்பேனாவில் போட்டவைதான். அதனால் ஒரு பழக்கம் கையில் ஊறியிருந்தது. அம்பைக் கட்டத்தின்மேல் இடிக்கவிடமாட்டார். இடித்தால் மை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம், ஓர் அரிசி அளவு விட்டு நிறுத்தினால்தான் சுத்தமாம். இதில் மையே கிடையாதே அண்ணி என்று கிண்டல் செய்தேன்.

"எனக்குத் தெரியுது தம்பி. கைக்குத் தெரியணுமே" என்று சிரித்தார்.

நேராகப் போகும் அம்புகளை எடிட்டரே இழுத்து ஒட்டிக்கொள்ளும். வளைந்து பின்னால் திரும்பும் அம்பை மட்டும் கையால் வளைத்து முடிக்க வேண்டும். அண்ணியின் படத்தில் அப்படி ஒரே ஓர் அம்புதான் இருந்தது. இரத்தத்தில் ஏதாவது ஆபத்தான அளவில் இருந்தால் மருத்துவரைப் போனில் கூப்பிட வேண்டும். அவர் எடுத்தால் ஓர் அம்பு "முடிந்தது" என்ற கட்டத்துக்குப் போகும். எடுக்கவில்லை என்றால், "எடுக்கவில்லை" என்றே பெயரிட்ட இன்னோர் அம்பு வளைந்து திரும்பி, கால் மணி நேரத்தில் மறுபடி கூப்பிடச் சொல்லும். அந்த இரண்டாவது அம்பை அண்ணி அரிசி அளவு முன்னாலேயே நிறுத்தியிருந்தார். சேமித்தார், பக்கத்தை மூடினார், வேறு வேலை பார்க்கப் போனார். எடிட்டர் அதை அழித்துவிட்டது. அதற்கப்புறம் மருத்துவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வழி ஒன்றுதான், "முடிந்தது".

நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் மருத்துவர்கள் எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டாலும், திரை சொல்லட்டும் சொல்லாமல் போகட்டும், பழைய ஊழியர்கள் பழக்கத்தில் மறுபடி கூப்பிடுவார்கள். ஒரு பேருந்து ஓட்டுநரின் முடிவு வந்த அன்று பணியில் இருந்தவர், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆனவர். ஒருமுறை கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை, திரை "முடிந்தது" என்றது. அடுத்த வேலைக்குப் போனார். அவர்மேல் தப்பே இல்லை. இரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்த அந்தப் பேருந்து ஓட்டுநர், மறுநாள் மதியம் பணிமனை ஓய்வறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சாய்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

பதிவேட்டைத் திறந்தார்கள். "எடுக்கவில்லை" என்ற அம்பு அழிக்கப்பட்டது, அழித்தவர் அண்ணி, தேதி, மணி, நிமிடம். நீங்கள் என்னிடம் பதிவு சரிதானா என்று கேட்டீர்கள், சேமித்தபோது அவர் பெயரில் அழிந்திருக்கிறது என்றேன். "அவர் பெயரில்" என்றுதான் சொன்னேன். "அவரால்" என்று சொல்லவில்லை. நீங்கள் அதற்குமேல் கேட்கவில்லை. பல நாள் எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது. இப்போது எழுதிப் பார்க்கும்போது கூசுகிறது.

அன்று சாயங்காலம் அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

"தம்பி, நான் அதை வரைஞ்சது நல்லா ஞாபகம் இருக்கு. அழிச்சது ஞாபகமே இல்லை. நான் அழிச்சிருப்பேனா?"

அந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு.

"அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல் அண்ணி. அண்ணன்கூட மாத்திரை வாங்கிட்டு வந்தானே."

காய்ச்சல் வந்தது உண்மை, அதற்கு முந்தின மாதம். அண்ணனுக்குத் தேதி எதுவும் நினைவில் நிற்காது. ஆமாம், வாங்கிவந்தேன் என்று தலையாட்டினான். அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, அப்போது கண் எரிச்சலாக இருந்தது, திரை மங்கலாகத் தெரிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு சீராக வந்தது. அதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

மறுநாள் அவரே உங்களிடம் வந்து எழுதிக்கொடுத்தார். வேலை போயிற்று. வீட்டில் இப்போது கதவைப் பூட்டிவிட்டு அண்ணனை ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். அடுப்பை அணைத்தால் என்னைக் கூப்பிட்டு, அணைந்திருக்கிறதா என்று கேட்கிறார். என் கையை நம்ப முடியவில்லை தம்பி என்கிறார். நான் போய்ப் பார்த்து, அணைந்திருக்கிறது அண்ணி என்று சொல்லிவிட்டு வருகிறேன். வாரத்தில் நாலு நாள் அங்கேதான் இருக்கிறேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ளமாட்டான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

போன மாதம் அண்ணி அந்த ஓட்டுநரின் மனைவியைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். மாடியில் சின்ன வீடு, வாசலில் இன்னும் அவருடைய செருப்பு இருந்தது. அந்தப் பெண் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அண்ணி நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, அன்று தனக்குக் காய்ச்சல் என்றும், கண் சரியாகத் தெரியவில்லை என்றும், தன் கைதான் அதை அழித்துவிட்டது என்றும் சொன்னார். மாத்திரையின் நிறத்தைக்கூடச் சொன்னார். அந்த நிறத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண் கோபப்படவில்லை. சும்மா கேட்டார்.

"காய்ச்சல்னா லீவு போட்டிருக்கலாமேம்மா."

அண்ணி, "ஆமாம்மா, போட்டிருக்கணும்" என்றார். நான் தம்ளரைக் கீழே வைத்தேன். மாடிப்படி இறங்கும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் தம்பி என்றார். அன்றிலிருந்து என்னால் சோற்றை நிம்மதியாக விழுங்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதுவரை படித்ததில், தெரியாமல் நடந்துபோன பிழையைப் பயந்து மறைத்தவன் நான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். எங்களிடம் சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் சல்லடை என்றுதான் கூப்பிடுவோம். ஓட்டுநர் இறப்பதற்கு ஏழு வாரம் முன்னால் அவள் என் மேசைக்கு வந்தாள். ஒட்டியதுபோல் தெரிந்து ஒட்டாமல் நிற்கும் அம்புகளையும் துப்புரவு அழித்துவிடுகிறது என்று செய்துகாட்டினாள்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா என்ன சார்?"

கேட்டால் பயந்துவிடுவார்கள் என்றேன். இருந்தாலும் எத்தனை படங்களில் அப்படி நடந்திருக்கிறது என்று எடுத்துத் தரச் சொன்னேன். நாற்பத்து மூன்று என்று பட்டியல் வந்தது. இருபத்தொன்பதாவது வரியில் அந்தப் பரிசோதனைக் கூடம், "எடுக்கவில்லை" என்ற அம்பு, அண்ணியின் பெயர். படத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. அந்த அரிசி அளவு இடைவெளி கண் முன்னால் தெரிந்தது. அந்த அம்பு எதற்கு என்பதும் தெரியும். சாப்பாட்டு மேசையில் அதை வளைக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

ஒரு போன் போதும். ஆனால் அண்ணிக்குச் சொன்னால் மீதி நாற்பத்திரண்டு பேருக்கும் சொல்ல வேண்டும், சொன்னால் துப்புரவு யாருடைய யோசனை என்று பேச்சு வரும். புதிய பதிப்பு வெளிவர ஒன்பது நாள்தான் இருந்தது. மறுபடியும் ஓர் அறை நிறைய ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். சல்லடையின் புகாரில் "பயன்படுத்துபவர் பிழை" என்று எழுதி மூடினேன். ஓட்டுநர் இறந்த மறுவாரம், அழிக்கும் முன் கேட்கும்படி நானே மாற்றிவிட்டேன். அரை நாள் வேலை. வெளியீட்டுக் குறிப்பில் "சிறு மேம்பாடுகள்" என்று போட்டேன்.

ஆக, அந்த மனிதர் சாகலாம் என்று தெரிந்துகொண்டே ஏழு வாரம் சும்மா இருந்தவன் நான். பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்குப் போடுங்கள், உள்ளே வையுங்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் அண்ணி கண்ணில் படக்கூடாது. தன்னால்தான் ஓர் உயிர் போனது என்பதை ஏற்றுக்கொண்டு இப்போதுதான் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவருகிறார். இந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால், பாவம், அவர் தாங்கமாட்டார்.